எங்கோ ஒரு தலைவர் மிரட்டினால்…

2025 மே 10, சனிக்கிழமை. மயிலாப்பூர் கடற்கரையோரம் காமராஜர் சாலையில் உள்ள டி.ஜி.பி. அலுவலகத்தின் முன்பிருந்து மாலை 5 மணிக்குப் பேரணி என்று முதல்வர் மு.க.ஸ்டாலின் முந்தைய நாளே அறிவித்திருந்தார். பஹல்காம் படுகொலைக்குப் பதிலடியாக 'ஆபரேஷன் சிந்தூர்' நடந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. எல்லையில் பீரங்கிகள் ஓயவில்லை. அமைச்சர்களும் முன்னாள் படைவீரர்களும் மாணவர்களும் தேசியக் கொடியோடு நேப்பியர் பாலத்துக்கு அருகே இருக்கும் போர் நினைவுச் சின்னத்தை நோக்கி நடந்தார்கள். பேரணி புறப்பட இருந்த அதே 5 மணிக்குத்தான் சண்டை நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது என்று சற்று நேரத்தில் டெல்லி அறிவித்தது. டெல்லி வாய் திறப்பதற்கு முன்பே அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் தம் சமூக ஊடகப் பக்கத்தில் அதைச் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் முழுவதும் சென்னை ஒரு விதமான படபடப்பில் இருந்தது. மே 7 அன்று துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் போர்க்கால ஒத்திகை நடந்தது. மே 12 அன்று சேப்பாக்கத்தில் நடக்கவேண்டிய சி.எஸ்.கே. ஆட்டம் நின்றுபோனது. அரிசி, பருப்பு வாங்கி வைக்கலாமா, வங்கியிலிருந்து பணம் எடுத்து வைக்கலாமா என்ற பேச்சு வீடுகளுக்குள் ஓடியது. பாகிஸ்தான் எல்லை இங்கிருந்து ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனால் பயத்துக்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது.

ஒரு நாட்டின் தலைவர் இன்னொரு நாட்டைப் பார்த்து "அழித்துவிடுவேன்" என்கிறார். அவரை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. நம்மைப் பார்த்தும் அவர் பேசவில்லை. அந்த வார்த்தை மயிலாப்பூர் மாட வீதிக்கும் தி.நகர் உஸ்மான் சாலைக்கும் அடையாறு காந்தி நகருக்கும் வந்து சேரும்போது என்னவாக மாறுகிறது, அதற்கு இங்குள்ள மக்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று நூறாண்டுக் கதையைப் புரட்டிப் பார்த்தால், நாம் மறந்துவிட்ட ஒரு பதில் அதில் இருக்கிறது. அதை நினைவூட்டத்தான் இந்தக் கட்டுரை.

பூட்டிய வீடுகள்

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், சென்னைத் துறைமுகத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது. சில நிமிடங்களில் முடிந்த தாக்குதல்தான். மறுநாள் முதல் ரயில் நிலையங்களில் நிற்க இடமில்லை. கிடைத்த வண்டியில் ஏறி ஜனங்கள் சொந்த ஊர்களுக்கு ஓடினார்கள். அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும்.

அதைவிடப் பெரிய ஓட்டம் 1942-ல் நடந்தது. அது இன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8-ல் ரங்கூன் விழுந்தது. இரண்டு ஊர்களிலும் தமிழர்கள் பெருமளவில் இருந்தார்கள். பர்மாவிலிருந்து கப்பலிலும் கால்நடையாகவும் தப்பி வந்தவர்கள் குண்டுவீச்சைக் கண்ணால் பார்த்தவர்கள். அவர்கள் சொன்னது வானொலி சொன்னதைவிட வேகமாகப் பரவியது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. வடக்கேயும் அடி, தெற்கேயும் அடி. நடுவில் இருப்பது சென்னை.

ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் அரசாங்கமே, இங்கே இருந்தாகவேண்டிய அவசியம் இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போய்விடலாம் என்று அறிவித்தது. அப்போது மாகாணத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த மந்திரிசபை இல்லை. 1939 அக்டோபரில் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்தபிறகு ஆட்சி கவர்னர் கையில் இருந்தது. போகச் சொன்னவர்களுக்கு மக்களிடம் கணக்குச் சொல்லவேண்டிய கடமை இல்லை. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. அரசு அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்குச் சிதறின. மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்த மிருகக்காட்சி சாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சிங்கம், புலி போன்ற விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள்.

மயிலாப்பூரில் வக்கீல்களும் குமாஸ்தாக்களும் குடும்பத்தைத் தஞ்சாவூர், கும்பகோணம், திருநெல்வேலிப் பக்கம் சொந்த கிராமத்துக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்துப் பெரியவர்கள் 'எவாக்குவேஷன்' என்றே அதைச் சொல்வார்கள். வீட்டை வந்த விலைக்கு விற்றுவிட்டுப் போனவர்கள் உண்டு. வாடகை வேண்டாம், வீட்டைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டப்பட்டது. விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கைப் பணியில் இருந்த ஏ.ஆர்.பி. வார்டன்கள் தெருத்தெருவாக விளக்கை அணைக்கச் சொல்லி நடந்தார்கள். ஜப்பானியப் படை வரவே இல்லை. 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் ஒன்று வந்து துறைமுகப் பக்கம் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது, அவ்வளவுதான். போனவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களில் திரும்பி வந்தார்கள். கிராமத்தில் வீடு இல்லாத கூலிக்காரர், துறைமுகத் தொழிலாளி, மீனவர் எங்கும் போகவில்லை. போக வழி இல்லாதவருக்கு அரசாங்கம் சொன்ன யோசனையால் எந்தப் பயனும் இல்லை. நூறு நூல்களில் எழுதவேண்டிய அநீதி இது. ஒரு பத்தியில் அடங்கிப்போய்க் கிடக்கிறது.

அதே போரின் இன்னொரு முகம் அடையாறில் இருந்தது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பில் 1939-ல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்துக்கொண்டிருந்தார். முசோலினியின் ஆட்சியோடு ஒத்துப்போக முடியாமல் 1934-லேயே இத்தாலியை விட்டு வெளியேறியவர் அவர். 1940 ஜூன் 10 அன்று அதே முசோலினி பிரிட்டனுக்கு எதிராகப் போர் அறிவித்ததும் பிரிட்டிஷ் இந்திய அரசு மாண்டிசோரியை எதிரி நாட்டுப் பிரஜை என்று முத்திரை குத்தியது. மகன் மரியோவைக் காவலில் கொண்டுபோய் வைத்தது. தாயை அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்றது. ஆகஸ்ட் 31, அவருடைய எழுபதாவது பிறந்தநாளில்தான் மகனை விடுவித்தார்கள். பிறகு அவர் கொடைக்கானலுக்குப் போய்ப் பணியைத் தொடர்ந்தார். ரோமாபுரியில் மாடத்தில் நின்று ஒருவர் முழங்கியதற்கு, அவரிடமிருந்து தப்பி வந்த எழுபது வயது மூதாட்டி அடையாற்றங்கரையில் தண்டனை அனுபவித்தார். இன்று இஸ்ரேல் மீதான கோபத்தில் யூதரையும், ஈரான் மீதான கோபத்தில் ஷியா முஸ்லிமையும், சீனா மீதான கோபத்தில் நம் வடகிழக்கு மாநிலப் பிள்ளைகளையும் முறைக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ளவேண்டிய சம்பவம் இது.

பஸ்லுல்லா சாலைக்காரர்

தி.நகரில் பஸ்லுல்லா சாலை இருக்கிறது. இப்போது அங்கே நெரிசலும் அடுக்குமாடிகளுமாக இருக்கிறது. அந்தச் சாலையில்தான் ராஜாஜி வாழ்ந்தார். இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர், சென்னையின் முதல்வராக இருந்தவர், 1959-ல் சுதந்திராக் கட்சி தொடங்கியவர் என்றெல்லாம் அவரைச் சொல்வோம். இந்தித் திணிப்பு, 1953-ன் கல்வித் திட்டம் ஆகியவற்றுக்காக அவர்மேல் கோபம் கொண்ட தமிழர்கள் ஏராளம். அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு விருப்பமில்லை. ஆனால் அணு ஆயுத விஷயத்தில் அவர் செய்ததை எண்ணும்போது இந்த நகரம் பெருமைப்படலாம்.

காலம் எப்படிப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள். 1961 அக்டோபர் 30 அன்று சோவியத் ஒன்றியம் ஐம்பது மெகாடன் ஹைட்ரஜன் குண்டை வானத்தில் வெடித்துக் காட்டியது. உலகம் கண்டதிலேயே பெரிய வெடிப்பு அது. 1962 ஏப்ரலில் அமெரிக்கா பசிபிக் தீவுகளில் வளிமண்டலச் சோதனைகளை மீண்டும் தொடங்கியது. ஒவ்வொரு வெடியும் மற்றவருக்கு விடுத்த மிரட்டல். அந்தக் கதிர்வீச்சுத் துகள், சண்டையில் எந்தப் பக்கமும் சேராத நாட்டுக் குழந்தையின் பாலிலும் போய்ச் சேர்ந்தது. ராஜாஜியின் வாதம் இதைப் பற்றிக்கொண்டே எழுந்தது. உங்கள் சண்டையில் எங்களுக்குப் பங்கு இல்லை, எங்கள் காற்றை நஞ்சாக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்பதுதான் அதன் சாரம். ஐம்பதுகளிலிருந்தே இதை 'சுயராஜ்யா', 'கல்கி' இதழ்களில் எழுதி வந்தார், கூட்டங்களில் பேசினார்.

1962-ல் காந்தி அமைதி நிறுவனம் டெல்லியில் அணு ஆயுத எதிர்ப்பு மாநாடு நடத்தியது. வல்லரசுகளின் தலைவர்களிடம் நேரில் போய்ச் சொல்வது என்று முடிவாயிற்று. அமெரிக்காவுக்குப் போகும் குழுவுக்கு ராஜாஜி தலைவர். ஆர்.ஆர். திவாகரும் பி. சிவராவும் உடன் போனார்கள். அப்போது ராஜாஜிக்கு 83 வயது. மேற்கு நாடுகளுக்கு அவர் போனது அந்த ஒரு முறைதான். நேருவை அன்றாடம் கடுமையாக விமர்சித்துக்கொண்டிருந்த எதிர்க்கட்சித் தலைவர் அவர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. உள்நாட்டில் ஆளுங்கட்சியை எதிர்ப்பதற்கும் வெளிநாட்டில் மனிதகுலத்துக்காகப் பேசுவதற்கும் இடையே அவர் எந்த முரண்பாட்டையும் காணவில்லை.

செப்டம்பர் 28 அன்று வெள்ளை மாளிகையில் ஜான் எஃப். கென்னடியைச் சந்தித்தார். கையில் படை இல்லை. பதவி இல்லை. எந்த நாட்டின் தூதராகவும் போகவில்லை. அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்று கேட்டார். ஒதுக்கப்பட்டிருந்த நேரத்தைத் தாண்டிப் பேச்சு நீண்டது என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

அடுத்த மாதமே உலகம் அழிவின் விளிம்புக்குப் போய் வந்தது. அக்டோபர் 22 அன்று கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதைக் கென்னடி தொலைக்காட்சியில் அறிவித்தார். அதற்கு இரண்டு நாள் முன்புதான், அக்டோபர் 20 அன்று, இமயத்தில் சீனா நம்மேல் பாய்ந்தது. உலகச் சண்டையும் நம் வீட்டுச் சண்டையும் ஒரே வாரத்தில் வாசலுக்கு வந்த காலம் அது. 1963 ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் அமெரிக்காவும் பிரிட்டனும் சோவியத் ஒன்றியமும் வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் அணு ஆயுதச் சோதனை செய்வதில்லை என்று கையெழுத்திட்டன. ராஜாஜி போனதால்தான் அது நடந்தது என்று சொல்வது மிகை. கியூபா காட்டிய மரண பயம்தான் முதற்காரணம். ஆனால் அந்த ஒப்பந்தம் எதைத் தடுத்ததோ அதைத் தடுக்கச் சொல்லித்தான் அவர் கடல் கடந்து போனார். மிரட்டலைக் கேட்டு ஊரைவிட்டு ஓடுவது ஒரு எதிர்வினை என்றால், மிரட்டியவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பதும் ஒரு எதிர்வினை என்று தி.நகரிலிருந்து ஒருவர் காட்டினார்.

சீனப் போர் வந்தபோது சென்னை அள்ளிக் கொடுத்தது. தேசியப் பாதுகாப்பு நிதிக்குப் பெண்கள் வளையலையும் சங்கிலியையும் கழற்றித் தந்தார்கள். தனித் திராவிட நாடு கேட்டு வந்த தி.மு.க. அந்தப் பிரசாரத்தை நிறுத்தியது. 1963-ல் கோரிக்கையையே கைவிட்டது. இவையெல்லாம் பெருமையோடு நினைவுகூரப்படுகின்றன. ஆனால் 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாட்டை யாரும் நினைவுகூர்வதில்லை. 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக் கூடாது என்றது அந்த விதி. 22 காரட்டில் தாலி செய்து பழகிய ஊரில் பொற்கொல்லர் வீடுகளில் உலை எரியவில்லை. தமிழகத்தில் பட்டினியும் தற்கொலையும் நடந்தன. பீக்கிங்கில் ஒரு தலைவர் எடுத்த முடிவுக்குக் கடைசியில் விலை கொடுத்தவர்களில், ஊதுகுழலும் குறடும் வைத்துப் பிழைத்த ஆசாரிகளும் இருந்தார்கள்.

ஜூலை 1983

பிற நாட்டின்மேல் விடுத்த மிரட்டல்களையே பார்த்து வந்தோம். சொந்த நாட்டு மக்களையே ஒரு தலைவர் மிரட்டியதற்குச் சென்னை கொதித்த கதை தனி. 1977-ல் இலங்கையில் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜெயவர்த்தன, அந்த ஆகஸ்ட் மாதம் நாடாளுமன்றத்திலேயே, சண்டை வேண்டுமென்றால் சண்டை, சமாதானம் வேண்டுமென்றால் சமாதானம் என்ற பொருளில் தமிழர்களைப் பார்த்துப் பேசினார். 1983 ஜூலையில் லண்டன் 'டெய்லி டெலிகிராப்' நாளிதழுக்குக் கொடுத்த பேட்டியில், யாழ்ப்பாண மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது பற்றித் தமக்குக் கவலை இல்லை என்று சொன்னார். பேட்டி வெளிவந்து இரண்டு வாரம் முடிவதற்குள் கொழும்பு எரிந்தது.

ஆகஸ்ட் 2 அன்று தமிழ்நாடு முழுவதும் கடையடைப்பு. எம்.ஜி.ஆர். ஆட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே பக்கம் நின்றன. மு. கருணாநிதியும் க. அன்பழகனும் சட்டமன்ற உறுப்பினர் பதவியைத் துறந்தார்கள். தி.நகரிலும் கோடம்பாக்கத்திலும் அடையாறிலும் ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு வீடு கொடுத்தார்கள், சோறு போட்டார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். அந்த அன்பில் கலப்படம் கிடையாது.

ஆனால் அந்த அன்போடு துப்பாக்கியும் வந்தது. 1982 மே 19 அன்றே பாண்டி பஜார் கடைத்தெருவில் ஈழ இயக்கத் தலைவர்கள் பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில், கொழும்பு போகவேண்டிய குண்டு இங்கேயே வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1990 ஜூனில் கோடம்பாக்கத்தில் இன்னொரு ஈழ இயக்கத் தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி. கொழும்பில் ஒரு தலைவர் திமிரோடு சொன்ன சொல் எத்தனை உயிரைத் தின்றது என்று எண்ணினால் மனம் பதறுகிறது. அதே சமயம், மிரட்டலுக்கு மிரட்டலே பதில் என்று நம்பிய நம் கைதட்டலும் அதில் கலந்திருக்கிறது. இதைச் சொல்லத் தயங்கினால் இந்தக் கட்டுரையை எழுதவே வேண்டாம்.

உஸ்மான் சாலை விலைப்பலகை

இன்று மிரட்டல் செய்தித்தாளில் வருவதற்கு முன்பே தி.நகர் நகைக் கடைகளின் விலைப்பலகையில் வந்துவிடுகிறது. டிரம்ப் இரண்டாம் முறை பதவி ஏற்றது 2025 ஜனவரி 20. இரண்டு நாள் கழித்து ஒரு சவரன் 60,000 ரூபாயைத் தாண்டியது. ஏப்ரல் 2-ல் ஏறக்குறைய எல்லா உலக நாடுகளின்மேலும் வரி என்று அறிவித்தார். ஏப்ரல் 12-ல் சவரன் 70,000-ஐத் தாண்டியது. ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு 50 சதவீத வரி நடைமுறைக்கு வந்தது. செப்டம்பர் முதல் வாரத்தில் 80,000. அக்டோபரில் 90,000. எல்லாவற்றுக்கும் அவர் ஒருவரே காரணம் இல்லை. மத்திய வங்கிகள் தங்கத்தை வாங்கிக் குவித்ததும் ரூபாய் சரிந்ததும் சேர்ந்தே நடந்தன. ஆனால் வல்லரசுகள் ஒன்றையொன்று பயமுறுத்தும் காலத்தில் பணம் தங்கத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும் என்பது பழைய பாடம்.

பதினோரு மாதம் நகைச் சீட்டுக் கட்டிவிட்டு வந்த பெண்ணுக்கு இதன் அர்த்தம் என்ன? பத்துச் சவரன் என்று பேசி முடித்த கல்யாணம் ஏழு சவரனில் நிற்கிறது. செய்கூலியும் சேதாரமும் சதவீதக் கணக்கில் போடுவதால் விலையோடு சேர்ந்து அதுவும் ஏறுகிறது. பழைய வளையலைப் போட்டுப் புதிய கம்மல் வாங்குகிறார். உலக அரசியல் பற்றி அவரிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. ஆனால் அவர்தான் அதற்குப் பணம் கட்டுகிறார்.

பணத்தைவிடப் பெரிய கவலை பிள்ளைகள். 2022 பிப்ரவரி 24 அன்று புதின் உக்ரைனுக்குள் படையை அனுப்பியபோது, குறுக்கே வருபவர்கள் வரலாற்றில் காணாத விளைவைச் சந்திப்பார்கள் என்றார். மூன்று நாள் கழித்து அணு ஆயுதப் படையை உஷார் நிலையில் வைத்தார். அப்போது தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சுமார் 1,900 பேர் அங்கே பெரும்பாலும் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார்கள். கார்கிவ் நகரில் பதுங்கு அறையில் இருக்கும் மகனோடு வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டு, கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்ட தாய்மார்கள் இந்த நகரத்தில் இருந்தார்கள். மார்ச் 12 அன்று கடைசிக் குழு சென்னை விமான நிலையத்தில் இறங்கியது. ரஷ்யத் துணைத் தூதரகம் சாந்தோம் நெடுஞ்சாலையில், மயிலாப்பூரிலேயே இருக்கிறது. அந்த வாசலில் போய் நின்று கேட்கவேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

2025 ஜூனில் டெஹ்ரானை விட்டு எல்லாரும் வெளியேறுங்கள் என்று டிரம்ப் எழுதியபோது, ஈரான் தீவுகளில் கூலிக்கு மீன்பிடிக்கப் போயிருந்த தென்மாவட்ட மீனவர்கள் சிக்கிக்கொண்டார்கள். செப்டம்பர் 19 அன்று எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அவர் கையெழுத்திட்டார். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைகள் பரப்பி வைத்திருந்த வாரம் அது. விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தவர்களுக்கு, உடனே திரும்பி வாருங்கள் என்று கம்பெனிகளிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இது புதிய விண்ணப்பங்களுக்கு மட்டுமே என்று மறுநாள் விளக்கம் சொன்னார்கள். அந்த ஒரு நாளில் விமானச் சீட்டுக்குக் கொட்டிய பணத்தை யார் திருப்பித் தருவார்கள்? அதைவிட, பேரன் பேத்தியைக் கட்டிக்கொண்டு அழுத பாட்டிகளின் அந்த இரவை யார் திருப்பித் தருவார்கள்?

திரையில் போர்

எங்கே எதிர்ப்புத் தெரிவிப்பது என்பது சென்னைக்குத் தெரியாததில்லை. ஈராக் போர் முதல் காசா வரை, ஜெமினி மேம்பாலம் அருகே இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தை நோக்கி இடதுசாரிகளும் முஸ்லிம் அமைப்புகளும் பலமுறை திரண்டிருக்கிறார்கள். போலீஸ் தடுப்பு வைத்து மறிக்கும். கைதாகி, மண்டபத்தில் இருந்துவிட்டு, மாலையில் விடுதலையாவார்கள். அவர்களோடு எல்லா விஷயத்திலும் ஒத்துப்போக வேண்டியதில்லை. ஆனால் வெயிலில் நின்று கேட்கிற வேலையை அவர்கள் செய்கிறார்கள்.

மீதிப் பேர் என்ன செய்கிறோம்? நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடை முடித்து, பெஞ்சில் உட்கார்ந்து, யாரை யார் எத்தனை நாளில் தரைமட்டம் ஆக்குவார் என்று பேசுகிறோம். 2025 மே 8 இரவு, கராச்சித் துறைமுகத்தை நம் கடற்படை அழித்துவிட்டது என்று தேசியத் தொலைக்காட்சிகள் சில முழங்கின. அது பொய். அந்தக் காட்சிகளைச் சரிபார்க்காமல் அடுத்த குழுவுக்குத் தள்ளியவர்கள் படித்தவர்கள். பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். கராச்சியிலும் காலை நடைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் சென்னையைப் பற்றி இப்படியே பேசிக்கொண்டிருந்திருக்கக்கூடும். ஒரு நகரம் எரிவதைக் கேட்டு மகிழ்கிற மனம் நமக்கு எப்போது வந்தது? 1942-ல் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். எல்லையில் பூஞ்ச் மக்கள் அந்த வாரம் குண்டடிபட்டுச் செத்தார்கள். அவர்களைப் பற்றி அந்தப் பெஞ்சுகளில் பேச்சு வரவில்லை.

மிரட்டல் நம் எதிரியின் வாயிலிருந்து வந்தால் கொடுமை, நம் தலைவரின் வாயிலிருந்து வந்தால் வீரம் என்று கருதுவதை நிறுத்தவேண்டும். பயங்கரவாதத்தைத் தண்டிக்க அரசுக்குக் கடமை உண்டு. அதற்கும், தேர்தல் மேடையில் ஏறி அணுகுண்டைப் பற்றிச் சவால் விடுவதற்கும் சம்பந்தமே இல்லை. அது எந்தக் கட்சிக்காரர் செய்தாலும் தவறு.

அடையாறுக்காரர்களுக்கு இதில் தனி அக்கறை இருக்கவேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே அறுபது கிலோமீட்டர் போனால் கல்பாக்கம் அணுமின் நிலையம். அது போன்ற நிலையங்களைத் தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31 அன்று இந்தியாவும் பாகிஸ்தானும் ஒப்பந்தம் செய்துகொண்டன. ராஜீவ் காந்தியும் பெனசிர் பூட்டோவும் பிரதமர்களாக இருந்த காலம். 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் இரு நாடுகளும் தத்தம் அணுசக்தி நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் போருக்குப் பிறகும் அது நின்றதில்லை. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகும் நின்றதில்லை. தூதர்களைத் திருப்பி அனுப்பிய ஆண்டுகளிலும் அந்தப் பட்டியல் கைமாறியது. தொலைக்காட்சியில் இதற்கு ஒரு நிமிடம் கிடைப்பதில்லை. ஆனால் கல்பாக்கத்துக்கும் அதைச் சுற்றியுள்ள மீனவக் கிராமங்களுக்கும் அடையாறுக்கும் சேர்த்துக் காவல் நிற்பது அந்தத் தாள்தான். எதிரியோடும் உட்கார்ந்து பேசலாம் என்று நம்பிய சிலர் எழுதி வைத்தது அது.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மூன்றும் தென்சென்னை மக்களவைத் தொகுதியில் வருகின்றன. உங்கள் எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்த மாட்டோம் என்ற நம் நாட்டின் கொள்கை மாறாமல் இருக்கவேண்டும் என்று நாடாளுமன்றத்தில் பேசச் சொல்லுங்கள். அடுத்த போர் எங்கே மூண்டாலும் அங்கிருக்கும் நம் பிள்ளைகளையும் மீனவர்களையும் அழைத்து வர என்ன ஏற்பாடு தயாராக இருக்கிறது என்று கேளுங்கள். கல்பாக்கத்தில் அபாயச் சங்கு ஊதினால் சுற்றுக் கிராமத்துக்காரர் எங்கே போகவேண்டும், அவரை யார் ஏற்றிக்கொண்டு போவார்கள் என்று கேளுங்கள். சாந்தோம் சாலைக்கும் ஜெமினிக்கும் தனித்தனியாக எழுதலாம். தூதரகங்கள் கடிதங்களை வாங்கத்தான் இருக்கின்றன. ராஜாஜி 83 வயதில் கடல் கடந்து போய்க் கேட்டார். நமக்கு ஒரு தபால் தலை போதும். தமிழிலேயே எழுதுங்கள், இந்த வாரமே எழுதுங்கள்.